பெயர் தெரியாத கேசினோ வில்லைகளும் ஒரு நாணயக் கருவிப் பெட்டியும்: எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை

குமரி மாவட்டத்துப் பழைய வீடு ஒன்றில் தகரப்பெட்டியைக் கவிழ்த்தால் விழும் சில்லறை பெரும்பாலும் இரண்டு வகை. சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர்க் காசு ஒன்று, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அணா இன்னொன்று. இரண்டையும் பார்த்த உடனே பெயர் சொல்ல நாகர்கோவிலில் ஆட்கள் உண்டு. எப்போதாவது இரண்டிலும் சேராத ஒன்று கூடவே உருண்டு வரும். வழவழப்பான சிவப்பு வில்லை, குதிரைக்காரன் படம் போட்ட பித்தளைக் காசு, ஜப்பானிய எழுத்து உள்ள வெள்ளி நிறத் தகடு. கப்பல் வேலைக்குப் போனவர் பையிலோ, கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்வந்தவர் பெட்டியிலோ வந்து சேர்ந்தவை. "ஏதோ கேசினோ காயின்" என்று சொல்லி எல்லாரும் கைகழுவி விடுவார்கள்.

இந்த மூன்றாவது வகையை அடையாளம் காண உதவும் என்று இணையக் கடைகளில் ஒரு கருவிப் பெட்டி விற்கிறது. கம்பெனிப் பெயர் பெரிதாக இல்லாத சரக்கு. மேலே இருக்கும் படம் மாறும், உள்ளே இருப்பது அனேகமாக ஒன்றுதான்: 200 கிராம் வரை 0.01 கிராம் நுணுக்கத்தில் காட்டும் பாக்கெட் தராசு, 150 மி.மீ. பிளாஸ்டிக் வெர்னியர் (விட்டம் அளக்கும், தாடை நகரும் அளவுகோல்), விளக்கு வைத்த மடக்கு லென்ஸ், புற ஊதா டார்ச், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காந்தம், போட்டுவைக்கக் கொஞ்சம் பிளாஸ்டிக் உறை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தராசும் வெர்னியரும் கொடுத்த காசுக்குத் தகும். காந்தம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும், ஆனால் அடிக்கடி எழும் கேள்வி அதுதான். லென்ஸ் பரவாயில்லை. டார்ச்சை மாற்ற வேண்டும். உறைகளை அப்படியே குப்பையில் போட வேண்டும். வில்லை எந்தக் கேசினோவுடையது என்று இந்தப் பெட்டியில் உள்ள எதுவும் சொல்லாது. அது எது இல்லை என்று சொல்லும். தேடலில் பாதித் தூரம் அதிலேயே முடிந்துவிடும்.

தராசு

வாங்கியதும் தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க எடைக்கல் தேவையில்லை. 2011 முதல் வந்த மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயம் 6.00 கிராம், விட்டம் 23 மி.மீ. தேய்மானம் இல்லாத ஐந்து நாணயங்களை ஒன்றாக வைத்தால் 30 கிராம் வர வேண்டும். 29.9-க்குக் கீழே போனாலோ 30.1-ஐத் தாண்டினாலோ கையேட்டில் உள்ளபடி சரிசெய்ய வேண்டும். அதற்கு மட்டும் 100 கிராம் எடைக்கல் வேண்டும். சில பெட்டிகளில் கூடவே வருகிறது, சிலவற்றில் இல்லை. வாங்கும்போது பார்த்துக்கொள்ளவும்.

கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருந்தால் தராசைக் குறை சொல்லாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், மொசைக் தரையில் வையுங்கள். ஆடிமாதக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் ஜன்னலைச் சாத்தாமல் 0.01 கிராமைப் பிடிக்கவே முடியாது; மூடி உள்ள தராசானால் மூடிக்கொண்டு எடை பார்க்கலாம்.

இனி எண்கள். கேசினோ மேசையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைக்குச் சிப் என்று பெயர். அமெரிக்கக் கேசினோக்களின் 'கிளே' சிப், அதாவது களிமண் போன்ற கலவையை அழுத்தி வார்த்தது, பொதுவாக 8.5 முதல் 10 கிராம். 11.5 கிராமோ 13.5 கிராமோ வந்தால் அது பெரும்பாலும் வீட்டில் போக்கர் சீட்டாட்டம் ஆட விற்கும் செட்டிலிருந்து பிரிந்தது. பிளாஸ்டிக்குக்குள் இரும்புத் தகடு புதைத்து எடையைக் கூட்டியிருப்பார்கள், காந்தம் பிடிக்கும். ஓரத்தைச் சுற்றிப் பகடையோ சீட்டுக்கட்டின் இஸ்பேட், ஆட்டின் சின்னங்களோ வரிசையாக இருந்து, கேசினோவின் பெயரோ ஊரோ எங்கும் இல்லையென்றால் சந்தேகமே வேண்டாம். 'லாஸ் வேகாஸ்' என்று மட்டும் அச்சிட்டதும் இந்தக் கூட்டம்தான். அது ஊர், கேசினோ அல்ல.

ஒரு விலக்கு. உலோகத் தகடு வைத்த பிளாஸ்டிக் சிப்பை உண்மையான கேசினோக்களும் பயன்படுத்தியிருக்கின்றன. ஆகவே காந்தம் ஒட்டியதும் தூக்கி எறியக் கூடாது. காந்தம் ஒட்டி, பெயரும் இல்லை என்றால்தான் எறியலாம்.

வெள்ளைக்காரன் பவுன்

தராசு தன் விலையைத் திருப்பித் தருவது பித்தளைக் காசுகளில்தான். நாம் 8 கிராமைப் பவுன் என்பதே இங்கிலாந்தின் சாவரின் நாணயத்தை வைத்து. அதன் எடை 7.98 கிராம், விட்டம் 22 மி.மீ. அதே அளவில், ஒரு பக்கம் ராணி தலை, மறுபக்கம் குதிரைமேல் ஒருவன் என்று மஞ்சளாக ஒன்று கிடைத்தால் மனசு நகைக்கடைப் பக்கம் ஓடுவது இயற்கை. ஓடுமுன் குதிரைக்காரனுக்கு மேலே உள்ள எழுத்தைப் படியுங்கள். 'டு ஹனோவர்' என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது சீட்டாட்டத்தில் புள்ளி எண்ண வைத்த பித்தளை வில்லை.

அதற்குப் பின்னால் ஓர் அரசியல் கிண்டல் இருக்கிறது. 1837-இல் விக்டோரியா இங்கிலாந்துக்கு ராணியானார். ஜெர்மனியில் இருந்த ஹனோவர் நாட்டில் பெண் அரியணை ஏறச் சட்டம் இடம் தரவில்லை. அவருடைய சித்தப்பா கம்பர்லாந்து பிரபு அங்கே மன்னராகப் போனார். இங்கிலாந்தில் அவரை யாருக்கும் பிடிக்காது. "ஹனோவருக்குப் போய்த் தொலை" என்ற தொனியில் சாவரினைப் போலவே வார்த்து, அதையே சீட்டு மேசையில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடினார்கள். 1837 என்ற ஆண்டு பல ஆண்டுகளுக்குப் பின் அடித்தவற்றிலும் இருப்பதால், அதை வைத்து வயதைக் கணக்கிட வேண்டாம்.

இன்னொன்று மூன்றாம் ஜார்ஜ் தலையோடு, மறுபக்கம் மண்வெட்டி வடிவக் கேடயம். இதன் அசலான கினி 1787 முதல் 1799 வரை வந்த தங்க நாணயம், 8.35 கிராம். விக்டோரியா காலத்தில் அதைப் போலவே மெல்லிய பித்தளையில் ஆட்ட வில்லைகள் அடித்தார்கள். 'நல்ல பழைய நாட்களின் நினைவாக' என்று பொருள்படும் ஆங்கில வாசகம் சுற்றிலும் இருக்கும், சிலவற்றில் கடைக்காரர் பெயரே இருக்கும். 'ஸ்பீல் மார்க்கே' என்று இருந்தால் ஜெர்மானியச் சரக்கு. அந்தச் சொல்லுக்கே ஆட்ட வில்லை என்றுதான் பொருள். லாவர் என்ற பெயர் சிறிதாக இருந்தால் நியூரம்பர்க் பட்டறை.

எழுத்து தேய்ந்துபோயிருந்தால் தண்ணீரில் எடை பார்க்கலாம். முதலில் காசைத் தனியாக எடை போட்டு எழுதிக்கொள்ளவும். சின்ன பிளாஸ்டிக் கிண்ணத்தில் பாதி தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரே சொட்டு. அந்தச் சொட்டு எதற்கென்றால், காற்றுக்குமிழி காசில் ஒட்டினால் கணக்கே தப்பிவிடும். கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்கவும். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடவும். இப்போது தராசு காட்டும் எண் காசின் கன அளவு. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி.

உதாரணமாகக் காசு 3.10 கிராம், தண்ணீரில் 0.36 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 8.6, அதாவது பித்தளை. அதே 3.10 கிராம் 22 காரட் தங்கமாக இருந்தால் தண்ணீரில் 0.18-ஐத்தான் காட்டியிருக்கும். வெள்ளி 10.3-ஐ ஒட்டி வரும், செம்பு நிக்கல் 8.9, அலுமினியம் 2.7. சின்னக் காசில் 0.01 பிசகினாலே விடை மூன்று சதவீதம் மாறும் என்பதால் மூன்று முறை செய்து நடு எண்ணை எடுத்துக்கொள்ளவும். பித்தளையையும் செம்பு நிக்கலையும் இந்தத் தராசால் உறுதியாகப் பிரிக்க முடியாது, நிறமே பிரித்துவிடும். தங்கமா பித்தளையா என்பதில் மட்டும் அது தடுமாறவே தடுமாறாது.

கிளே சிப், நடுவில் காகிதம் ஒட்டியது, எலும்பு, தந்தம், கிளிஞ்சல் இவற்றைத் தண்ணீரில் விடக் கூடாது.

வெர்னியர்

பிளாஸ்டிக் என்பதால் மட்டமாக நினைக்க வேண்டாம். எஃகு வெர்னியரின் தாடை கிளே சிப்பின் ஓரத்தைச் சுரண்டிவிடும், இது சுரண்டாது. 0.1 மி.மீ. துல்லியம் இந்த வேலைக்குத் தாராளம்.

39 மி.மீ. என்றால் அமெரிக்கக் கேசினோ சிப்பின் வழக்கமான அளவு. 43 மி.மீ.-ஐத் தொட்டால் பெரிய தொகைக்கான சிப்பாக இருக்கலாம். நீள்சதுரமாகப் பிளாஸ்டிக் பலகை போல இருந்தால் அது 'பிளாக்', ஐரோப்பிய மேசைகளிலும் பக்காரா ஆட்டத்திலும் பெருந்தொகைக்கு வைப்பது. சரியாக 25 மி.மீ. வெள்ளி நிறத் தகடாக, தொகை எதுவும் எழுதாமல் ஒரு படமோ ஆட்டக் கூடத்தின் பெயரோ மட்டும் இருந்தால் முதலில் ஜப்பானைச் சந்தேகியுங்கள். பாச்சிஸ்லோ என்ற ஆட்ட இயந்திரங்களின் டோக்கன் அந்த அளவுதான். ஒரு கூடத்து டோக்கனை இன்னொரு கூடத்தில் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே விதவிதமான முத்திரை. மிகச் சாதாரணம், விலை ஒன்றும் இல்லை. ஆனால் 'வெள்ளி' என்று சொல்லி விற்பவர்கள் உண்டு.

வெள்ளி டாலர் அளவுக்குப் பெரிய உலோக டோக்கனில், கேசினோ பெயரோடு ஒரு டாலர் என்றும் எழுதியிருந்தால் நெவாடாவின் கதை. 1960-களின் நடுவில் வெள்ளி விலை ஏற, மக்கள் வெள்ளி டாலர்களைப் பதுக்கினார்கள். சூதாட்ட இயந்திரங்களில் போட டாலர் இல்லை. 1965 முதல் கேசினோக்களுக்கு ஃபிராங்க்ளின் மின்ட் என்ற தனியார் நாணயச் சாலை செம்பு நிக்கலில் டோக்கன் அடித்துக் கொடுத்தது. பிறகு வேறு பட்டறைகளும் இறங்கின. ஆண்டுக்குப் பக்கத்திலோ படத்துக்குக் கீழோ கடுகளவில் பட்டறை அடையாளம் இருக்கும். ஒரே கேசினோ, ஒரே ஆண்டு என்றாலும் இந்த அடையாளமும் ஓரத்துப் பல்வரிசையும் மாறினால் சேகரிப்பாளர்களுக்கு அது வேறு டோக்கன். 1990-களின் பத்து டாலர் டோக்கன் சிலவற்றில் நடுவில் தூய வெள்ளி, சுற்றிலும் பித்தளை வளையம். இரண்டு உலோகம் கலந்ததால் தண்ணீர்ச் சோதனை அதில் பொய் சொல்லும். வெள்ளிப் பகுதியில் 999 என்ற எண்ணைத் தேடவும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. 19 சென்ட் என்று வினோதமான தொகையோடு, கொழும்பு ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனி, வேக்கந்தை ஆலை என்று எழுதிய செம்புக் காசு கிடைத்தால் அது சூதாட்டமே அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பி ஆலையில் கூலிக்குக் கொடுத்த டோக்கன். கேசினோ காயின் என்று நினைத்து நாலு பைசாவுக்குத் தள்ளிவிடக் கூடாதது இது.

லென்ஸ்

30 மடங்கு, 60 மடங்கு என்று பொறித்திருப்பதை நம்ப வேண்டாம். 10 மடங்குதான் தேவை; இந்த லென்ஸ் அந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டுகிறது. ஓரங்களில் நிறம் பிரிகிறது, நடுவில் வைத்துப் பாருங்கள்.

கிளே சிப்பில் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்து நிறப்புள்ளிகள். அழுத்தி வார்த்த அசலில் அந்த நிறம் மேலிருந்து கீழ்வரை பக்கவாட்டிலும் தொடரும், ஏனென்றால் வேறு நிறக் கலவையை வெட்டி வைத்துச் சேர்த்து அழுத்தியிருப்பார்கள். மேல்பரப்போடு நின்றுவிட்டால் அச்சிட்டது. அடுத்தது ஓர வளையத்தில் வார்ப்பு அச்சின் சின்னம். தொப்பியும் கைத்தடியும் மாறிமாறி வந்தால் பால்சன் கம்பெனி. சாவி, குதிரைத் தலை என்று வேறு அச்சுகளும் உண்டு. அச்சு தெரிந்தால் தயாரிப்பாளரையும் காலத்தையும் நெருங்கலாம். ஆனால் தொப்பிச் சின்னத்தோடு வீட்டு ஆட்டத்துக்கும் பால்சன் சிப் விற்றிருக்கிறது, ஆகவே சின்னத்தைக் கண்டதும் கேசினோ என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்றாவது எழுத்து. பொன்னிறத் தாளைச் சூடாக அழுத்திப் பதித்ததா, நடுவில் காகித வட்டம் வைத்துச் சேர்த்து அழுத்தியதா, மேலே ஒட்டிய ஸ்டிக்கரா? நகத்தால் வருடினால் விளிம்பு தட்டுப்படும் ஸ்டிக்கர் மலிவு செட்டின் அடையாளம்.

தேய்ந்த பொன்னெழுத்தை லென்ஸைவிட நன்றாகப் படிக்க வழி இருக்கிறது. இரவில் அறையை இருட்டாக்கி, போன் விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து, சிப்பை மெதுவாகச் சுற்றுங்கள். பொன்னிறம் போயிருந்தாலும் அழுத்திய பள்ளம் நிழலாகத் தெரியும். அந்தக் கோணத்திலேயே படம் எடுத்துக்கொள்ளவும். காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்பது உலோகத்துக்கு மட்டும்.

எலும்பு, தந்தம், கிளிஞ்சல் வில்லைகளுக்கும் லென்ஸ்தான். எலும்பில் கறுத்த நுண்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். தந்தத்தின் குறுக்குவெட்டில் வலை பின்னியது போல் குறுக்கு வரிகள். தந்தம் என்று உறுதியானால் விற்க முயல வேண்டாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 அந்த வியாபாரத்தைத் தடுக்கிறது. மீன் வடிவத்திலோ நீள்சதுரத்திலோ, இருபுறமும் நுணுக்கமாகக் கீறிய கிளிஞ்சல் வில்லை கிடைத்தால் அது சீனத்துக் கான்டனில் ஐரோப்பியக் குடும்பங்களுக்காகச் செய்தது, 18, 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைச் சிப்பிப் பொம்மைகளோடு அதைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

டார்ச்

புற ஊதா ஒளி பட்டால் சில பொருள்கள் ஒளிரும், அதைப் பார்க்கத்தான் டார்ச். பெட்டியில் வருவது 395 நானோமீட்டர் அலைநீளம். அதன் ஊதா வெளிச்சமே கண்ணை நிறைத்து, பொருளின் ஒளிர்வை மறைத்துவிடுகிறது. 365 நானோமீட்டர் டார்ச்சைத் தனியாக வாங்கவும். காகித வட்டம் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அந்தக் காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது, 1950-க்குப் பிந்தையது என்று கொள்ளலாம். '1930-களின் சிப்' என்று சொல்லி விற்பவரிடம் இந்த ஒரு சோதனை போதும். சில கேசினோக்கள் கள்ளச் சிப்பைப் பிடிக்க இந்த ஒளியில் மட்டும் தெரியும் குறியைப் பதித்திருக்கின்றன. அது தெரிந்தால் அதிர்ஷ்டம்.

பெட்டி சொல்லாதது

இதற்குப் பிறகு எழுத்தைப் படிக்க வேண்டியதுதான். 'நோ கேஷ் வேல்யூ' என்றோ அதன் மூன்றெழுத்துச் சுருக்கமோ இருந்தால் போட்டி ஆட்டத்துக்கான சிப், எந்தக் காலத்திலும் பணமாக மாற்ற முடியாதது. பெயரும் ஊரும் தெளிவாக இருந்தால் வேலை எளிது. உலோக டோக்கனானால் நுமிஸ்டா என்ற நாணயப் பட்டியல் இணையதளத்தில் விட்டம், எடை கொடுத்துத் தேடலாம். அமெரிக்கச் சிப்பானால் 1988-இல் தொடங்கிய கேசினோ சிப் சேகரிப்பாளர் சங்கம் இருக்கிறது. போன் கேமராவைக் காட்டித் தேடுவது பெயர் உள்ள சிப்புக்கு நன்றாக வேலை செய்யும். பெயர் இல்லாததற்கு ஒரே நிறத்தில் நூறு போக்கர் செட்டைக் காட்டும்.

கடினமானது வெறும் இரண்டு மூன்று எழுத்து மட்டும் பதித்த பழைய கிளே சிப். அமெரிக்காவில் சட்டத்துக்குப் புறம்பான கிளப்புகள் தங்கள் பெயரை முழுதாகப் போடாமல் இப்படித்தான் ஆர்டர் கொடுத்தன. எந்த எழுத்து எந்த முகவரிக்குப் போனது என்பது சிப் விற்ற கம்பெனிகளின் பழைய ஆர்டர் அட்டைகளில்தான் இருக்கிறது, அதைச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கும்போது இரண்டு முகமும் பக்கவாட்டு ஓரமும் தனித்தனிப் படமாக, அளவுகோலோடு, எடையும் எழுதி அனுப்ப வேண்டும். ஓரப் படத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாமல் அச்சையும் புள்ளிகளையும் யாராலும் சொல்ல முடியாது.

பணமாக மாற்றலாமா என்பது அடுத்த கேள்வி. மூடிய கேசினோ என்றால் முடியாது. நடக்கும் கேசினோ என்றாலும் அந்த இடத்தில்தான், அதுவும் பழைய வடிவத்தைத் திரும்பப் பெறும் காலம் முடியாமல் இருந்தால். இந்தியாவில் கேசினோ கோவாவிலும் சிக்கிமிலும்தான். தமிழ்நாட்டில் அதற்கு இடமே இல்லை.

உறையும் உப்புக்காற்றும்

பெட்டியோடு வரும் மெத்தென்ற உறை பி.வி.சி. நாளடைவில் அது கசிந்து உலோகத்தில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். குளச்சல், முட்டம் மாதிரி கடலை ஒட்டிய ஊர்களின் ஈரப்பதத்தில் சொல்லவே வேண்டாம். சற்று விறைப்பான, மடித்தால் சலசலக்கும் மைலார் உறை வாங்கவும். காசை நடுவில் வைத்து மூடும் அட்டைச் சட்டத்தில் ஸ்டேப்லர் அடித்தால் முள் துருவேறி அட்டையைத் தாண்டிக் கறை இறங்கும். ஒட்டும் வகை அட்டையே நல்லது. 39 மி.மீ. சிப்புக்கு வெள்ளி டாலர் அளவு ஜன்னல் உள்ளதைக் கேட்க வேண்டும்.

கழுவும் ஆசையை அடக்கவும். புளி, எலுமிச்சை, சபீனா எதுவும் வேண்டாம். குத்துவிளக்கு வேறு, டோக்கன் வேறு. உலோகத்தைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து ஒற்றி எடுத்தால் போதும். நகப்பூச்சு அழிக்கும் அசிடோன் பட்டால் பிளாஸ்டிக் பிளாக் இளகும், பொன்னெழுத்து கலைந்துவிடும். வெளிறிய கிளே சிப்புக்கு மினரல் ஆயில் ஒரு துளி தடவித் துடைப்பது சேகரிப்பாளர் வழக்கம். தேங்காய் எண்ணெய் அந்த வேலைக்கு ஆகாது, சிக்கு வாடை அடிக்கும். பிளாஸ்டிக்கா என்று பார்க்கச் சூடான ஊசியைக் குத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பழைய வில்லைகளில் செல்லுலாய்டு உண்டு, அது குப்பென்று பற்றும். விரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாடை வரும், அது போதும்.

தராசையும் லென்ஸையும் எடுத்துவைக்கும்போது பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கவும். ஒரு மழைக்காலம் உள்ளேயே கிடந்தால் கசிந்து, தகடு அரித்து, அடுத்த முறை தராசு எழும்பாது.